மீட்டரில் அம்பு எரியலன்னா மீட்டரையே மாத்தணுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2004 மாடல் மாருதி ஆம்னி, லுங்கி பண்டல் ஏற்றிக்கொண்டு பள்ளிகொண்டா வழியாக வேலூருக்கு வாரம் நாலு நடை. இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டால் வெளியே முன்னும் பின்னும் ஒழுங்காக மின்னுகிறது, மீட்டரில் உள்ள பச்சை அம்பு மட்டும் செத்துக் கிடக்கிறது. மீட்டர் செட்டையே மாற்றணும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்களாம். "எல்இடி பல்ப் பத்து உள்ள பாக்கெட் வாங்கி வச்சிருக்கேன், எல்லாத்தையும் நானே மாத்திடலாமா அண்ணா?" என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: சாவி போட்டதும் முன்பு வந்த பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு இப்போது வருவதே இல்லை, அதனால் சார்ஜில் குறை இருக்காது, ஆனால் காலையில் செல்ஃப் திணறுகிறது.

தம்பி, அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் வேலையே இருக்கிறது. முதலில் அம்பைப் பார்த்துவிடுவோம்.

வெளி விளக்குக்குப் போகிற அதே கரண்டில் ஒரு கிளைதான் மீட்டர் அம்புக்கும் வருகிறது. வெளியே சரியாக மின்னுகிறது என்றால் விளக்கை மின்ன வைக்கும் ஃபிளாஷரும் சுவிட்சும் நல்லா இருக்கு என்று அர்த்தம். மிச்சம் பெரும்பாலும் மூன்றே இடம்: பல்ப், அதன் ஹோல்டர், மீட்டர் முதுகில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளில் ஓடும் செம்புக் கோடு. இதற்குப் போய் மீட்டரை மாற்றினால் காசும் போகும், ஓடிய கிலோமீட்டர் கணக்கும் மாறிவிடும். நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வேலையில் அவசரம் வேண்டாம். இருபது வருஷம் நம்ம ஊர் வெயிலில் வெந்த பிளாஸ்டிக், ஒரு ஸ்க்ரூவை விட்டுவிட்டு இழுத்தால் அப்பளம் மாதிரி உடையும். பேட்டரியில் மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, மீட்டர் மேல் இருக்கும் மூடியையும் மீட்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களையும் எடுங்கள். மீட்டரை மெதுவாக உங்கள் பக்கம் சாய்த்தால் பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள் இழுத்துப் பிடிக்கும். அதை இழுத்துப் போராடாமல், பூட்டை அமுக்கி விடுவிக்கணும். ஒயர்களை மீட்டரோடு சேர்க்கும் கப்ளரும் அப்படித்தான், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு மண்டையைச் சொறிய வேண்டியதில்லை.

மீட்டர் முதுகில் பட்டன் பட்டனாகத் தெரிவதெல்லாம் பல்ப் ஹோல்டர்கள். இடப்பக்கமாகக் கால் சுற்று திருகினால் வெளியே வரும். ஹோல்டருக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடி பல்பைத் திருகாதீர்கள், நேராக இழுத்தாலே வரும். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தாலோ கம்பி அறுந்திருந்தாலோ போய்விட்டது. பார்வைக்கு நல்லா இருந்தாலும் நம்ப வேண்டாம், வலது அம்பின் பல்பை எடுத்து இடது பக்கம் போட்டு, கப்ளரையும் பேட்டரி மைனஸையும் தற்காலிகமாக மாட்டி இண்டிகேட்டர் போட்டுப் பாருங்கள். எரிந்தால் பழைய பல்ப் காலி. அப்போதும் எரியவில்லை என்றால் ஹோல்டர் காதுகளிலும் அது உட்காரும் செம்பிலும் பச்சை பூத்திருக்கும், பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மெல்லிசான செம்பும் சேர்ந்து போய்விடும்.

புது பல்ப் வாங்கப் போகும்போது பழசைக் கையோடு கொண்டுபோங்கள். 3 வாட்டும் 5 வாட்டும் அடிப்பாகத்தில் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாகவே இருக்கும், கடைக்காரர் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார். நான் தொழில் கற்ற புதிதில் வெளிச்சம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஒரு வண்டியில் 5 வாட் போட்டு, டயலின் ஓரம் பழுத்துச் சுருண்டு, என் கைக்காசில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அந்த சிவப்பு விளக்கு. சாவி போட்டு என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்கும்போது அது கட்டாயம் எரியணும். எரியாதது நல்ல சேதி இல்லை. டைனமோ, அதாவது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், சுற்றத் தொடங்கும்போது உள்ளே காந்தம் ஏற முதலில் கொஞ்சம் கரண்ட் வெளியிலிருந்து வேண்டும், அது சார்ஜ் லைட் என்கிற இந்தச் சிவப்பு விளக்கின் பல்ப் கம்பி வழியாகத்தான் போகிறது. பல்ப் அறுந்தால் அந்த வழியும் அறுந்தது. பிறகு டைனமோ நல்ல நிலையில் இருந்தாலும் ஐடிலிங்கில் சார்ஜ் ஏறாது, நன்றாக ரெய்ஸ் பண்ணினால் சில சமயம் பிடித்துக்கொள்ளும், சில சமயம் அதுவும் இல்லை. உங்கள் செல்ஃப் திணறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இதைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கிவிடாதீர்கள்.

ஆகவே அந்தப் பாக்கெட் எல்இடியை சார்ஜ் லைட்டில் மட்டும் போடவே கூடாது. எல்இடி இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, டைனமோ எழுந்திருக்கப் போதாது. அங்கே பழைய அளவிலேயே சாதா கம்பி பல்ப். அம்புக்கு எல்இடி போடலாம், எரியவில்லை என்றால் எடுத்துத் திருப்பிப் போடுங்கள், அதற்கு ப்ளஸ் மைனஸ் உண்டு. பச்சை அம்புக்குப் பச்சையோ வெள்ளையோ போடுங்கள், சிவப்பு போட்டால் இருட்டாகத்தான் இருக்கும்.

எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டு அப்புறம் சோதிக்காதீர்கள். கப்ளரை மட்டும் மாட்டி, பேட்டரி மைனஸை வைத்து, சாவி போடுங்கள். பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் அணையணும். மல்டிமீட்டர் இருந்தால் வண்டி ஓடும்போது பேட்டரியில் வையுங்கள், 13.8-லிருந்து 14.4 வோல்ட்டுக்குள் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 12.5 பக்கமே நின்றால் ஏறவில்லை. புது பல்ப் போட்டும் சார்ஜ் லைட் எரியவில்லையா? டைனமோவில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், இல்லை அதற்குப் போகும் மெல்லிய ஒயர் அறுந்திருக்கலாம். அதைத் தனியாக நோண்டாமல் ஒரு எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், அங்கேயே தடி ஒயர் ஒன்று நேராக பேட்டரி கரண்டோடு நிற்கும், ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும்.

கேபிளைத் திரும்ப மாட்டும்போது டக்கென்று சத்தம் கேட்கணும். கேட்கவில்லை என்றால் பள்ளிகொண்டா தாண்டும்போது முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கும், திரும்ப எல்லாவற்றையும் கழற்றணும்.