சட்டம் படிக்கும்போதே குற்றவியல் மேல்முறையீட்டைப் பழகிக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால், மேல்கோர்ட்டுக்குப் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிப்பார்கள் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிட வேண்டும். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் என்னிடம் ஆலோசனை கேட்கும் குடும்பத்தினர் இப்படி நம்புவது இயல்பு; சட்ட மாணவர்களும் நம்புவதுதான் வியப்பு. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394ஆம் பிரிவின்படி, கீழ் நீதிமன்றத்தின் முடிவு சட்டப்படி தவறு அல்லது சாட்சியங்களின் வலுவுக்கு முரணானது என்றோ, தண்டனை வெளிப்படையாகவே மிகையானது அல்லது போதாதது என்றோ காட்டினால் மட்டுமே அது மாற்றப்படும்.

சட்ட மாணவர்கள் கற்பனை வழக்குகளை வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் உண்மைகளைச் சில பக்கங்களில் சுருக்கித் தந்துவிடுவதால், கீழ் நீதிமன்ற விசாரணைப் பதிவேட்டைப் படித்துப் பிழையைத் தேடும் பயிற்சி அங்கே கிடைப்பதில்லை. அதை நீங்களே ஏற்படுத்திக்கொள்ளலாம். மேல்முறையீட்டுக்குப் போன ஒரு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு, உயர் நீதிமன்றம் என்ன சொன்னது என்பதைப் பார்க்காமலேயே, மேல்முறையீட்டு மனுவுக்கான காரணங்களை எழுதுங்கள். அரசாங்கத் தரப்பும் மேல்முறையீடு செய்யும் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருமுறை எழுதுங்கள். சாட்சி கூண்டில் நின்ற விதத்தைப் பார்த்து நீதிபதி நம்பியிருந்தால் அதை அசைப்பது கடினம். மாறாக, ஆவணங்களிலிருந்தும் மறுக்கப்படாத உண்மைகளிலிருந்தும் அவர் ஊகித்த முடிவென்றால், அதே ஊகத்தைச் செய்ய மேல் நீதிமன்றத்துக்கும் சமமான வாய்ப்பு உண்டு. இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகினாலே பாதி வேலை முடிந்தது என்பது என் கருத்து.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர் பொதுவாகத் தண்டனையின் அளவு, சட்டப்பூர்வத் தன்மை ஆகியவற்றை எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம் என்பதால், தண்டனைக் கோட்பாடுகளை ஆழமாகப் படிப்பது வீண்போகாது. குற்றவாளி மட்டுமே மேல்முறையீடு செய்த வழக்கிலும் தண்டனையைக் கூட்டும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருப்பதால், "போக வேண்டாம்" என்று சொல்லத் தெரிவதும் இந்தத் தொழிலின் பகுதிதான். முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள், பதிவேடு கைக்கு வந்தபின் மனுவுக்கு 14 நாள் என்ற கெடுக்களை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

மாஜிஸ்திரேட் மேல்முறையீடுகள், அதாவது கீழ் நீதிமன்றங்களிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு வரும் குற்றவியல் மேல்முறையீடுகள், உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் நடக்கின்றன; அந்த விசாரணைகளைப் பெரும்பாலும் பொதுமக்களும் அமர்ந்து பார்க்கலாம். வழக்கறிஞர் தயாரித்து வந்த உரையைவிட, நீதிபதி இடைமறித்துக் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியாகும் எழுத்துத் தீர்ப்பில் அவற்றில் எவை முடிவைத் தீர்மானித்தன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.