செங்டு ஃபிளாட்டை மனைவி விமானம் ஏறுமுன் விற்பதா, வந்தபிறகு விற்பதா?

கேள்வி: வணக்கம். எனக்கு 41 வயது. சொந்த ஊர் தூத்துக்குடி. கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் மென்பொருள் வேலை, ஆண்டுக்கு 1,90,000 டாலர் சம்பளம், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாகிவிட்டது. மனைவி சீனாவின் செங்டு நகரத்துக்காரர், 38 வயது, 13 வருடமாகக் கணக்காளர் வேலை. வரும் அக்டோபரில் கல்யாணமாகி இரண்டு வருடம் நிறைகிறது. அவரை அழைத்துவர நான் போட்ட ஐ-130 மனு ஏற்கப்பட்டு, குவாங்சோ துணைத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்குக் காத்திருக்கிறோம். செங்டுவில் அவர் பெயரில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. 2012-ல் 6 லட்சம் யுவானுக்கு வாங்கியது, இப்போது 15 லட்சம் போகும். 2019 முதல் வாடகைக்கு விட்டிருக்கிறார், அவர் இருப்பது பெற்றோர் வீட்டில். அலிபே செயலியில் 3 லட்சம் யுவான் சேமிப்பு. இங்கே வீடு வாங்க மாமனார் 10 லட்சம் யுவான் தருகிறேன் என்கிறார். சித்தப்பா, அத்தை பெயர்களில் பிரித்து அனுப்பிவிடலாம் என்பது அவர் யோசனை. மனைவி வந்ததும் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாமா? எவ்வளவு ஒதுக்க வேண்டும்? என் கணக்குகளில் அவர் பெயரைச் சேர்க்கலாமா?

பதில்: வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உங்கள் கையைக் கடிக்கப்போவது அந்த ஃபிளாட்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குடியேற்ற விசாவோடு உங்கள் மனைவி சான் பிரான்சிஸ்கோவில் வந்திறங்கும் நாளிலிருந்து அவர் அமெரிக்க வரிக்கு உட்பட்டவர். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வந்த நாளில் ஃபிளாட்டின் விலை என்னவோ அதை ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தொடக்கவிலையாக எடுத்துக்கொள்ளாது. 2012-ல் வாங்கிய விலையைத்தான் பார்க்கும், அதையும் அன்றைய மாற்று விகிதத்தில். அப்போது ஒரு டாலர் சுமார் 6.3 யுவான், ஆகவே வாங்கிய விலை 95,000 டாலர். விற்கும்போது அது 7.1, 7.2 என்று வைத்தால் விற்கும் விலை 2,10,000-ஐ ஒட்டி வரும். லாபம் 1,10,000 டாலருக்கு மேல். மத்திய வரி 15%, கலிஃபோர்னியா வரி உங்கள் வருமான அளவுக்கு 9.3%. சேர்த்தால் 26,000 டாலருக்குக் குறையாது.

குடியிருந்த வீட்டை விற்றால் 2,50,000 டாலர் லாபம் வரை விலக்கு உண்டே என்று கேட்பீர்கள். விற்பதற்கு முந்தைய 5 ஆண்டில் 2 ஆண்டாவது அதில் குடியிருந்திருக்க வேண்டும். உங்கள் மனைவி 2019-லேயே வெளியேறிவிட்டார். சீனாவிலோ, 5 ஆண்டுக்கு மேல் வைத்திருந்த, குடும்பத்தின் ஒரே வீட்டை விற்றால் தனிநபர் வருமான வரி கிடையாது. அது நல்ல சேதிதான். ஆனால் அங்கே வரி கட்டாததால், அதைக் காட்டி இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

விமானம் ஏறுமுன் விற்றுப் பத்திரம் முடித்துவிட்டால் அமெரிக்காவுக்கு அந்த லாபத்தோடு சம்பந்தமே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. வந்த ஆண்டிலேயே கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்ய ஒரு வாய்ப்பு இருக்கிறது, வரி குறையும் என்று பலரும் பரிந்துரைப்பார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் அவரை அந்த முழு ஆண்டுக்கும் அமெரிக்கவாசியாகக் கணக்கில் எடுப்பார்கள். மார்ச்சில் விற்று நவம்பரில் வந்திருந்தாலும் மார்ச் லாபம் உள்ளே வந்துவிடும். ஆகவே விற்கும் ஆண்டுக்குத் தனித்தனியாகத் தாக்கல் செய்யுங்கள், சேர்ந்து செய்வதை அடுத்த ஆண்டிலிருந்து வைத்துக்கொள்ளலாம். இதற்கு முன் ஏதாவது ஒரு ஆண்டில், ஐடிஐஎன் (சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவருக்கான வரி எண்) வாங்கி அவரோடு சேர்ந்து தாக்கல் செய்திருக்கிறீர்களா? செய்திருந்தால் அந்தத் தேர்வு தானாகவே தொடர்ந்துகொண்டிருக்கும். ஃபிளாட்டில் கைவைக்குமுன் ஒரு சிபிஏவை (உரிமம் பெற்ற கணக்காளரை) பாருங்கள்.

வாடகை வருகிறதே, வைத்துக்கொள்ளலாமே என்றால், வைத்துக்கொள்ளலாம். அது குடும்ப முடிவு. என்னைக் கேட்டால், இரண்டு நாட்டு வரிக் கணக்கு, செங்டுவில் குழாய் உடைந்தால் இங்கிருந்து ஆள் பிடிப்பது எல்லாம் வேண்டாத தலைவலி. விற்றுவிடச் சொல்வேன்.

எப்போது வந்திறங்குவது என்பதும் ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. சீனப் பெருநிலத்துக்கான குடியேற்ற விசாக்கள் எல்லாமே குவாங்சோவில்தான். (செங்டுவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் 2020 ஜூலையில் மூடப்பட்டது. அது இருந்த காலத்திலும் இதற்குக் குவாங்சோதான்.) விசா கிடைத்தபின், மருத்துவப் பரிசோதனைத் தேதியைப் பொறுத்து, வழக்கமாக 6 மாதம் வரை செல்லும். கல்யாணமாகி இரண்டு வருடம் முடியுமுன் வந்தால் 2 ஆண்டு நிபந்தனை கிரீன் கார்டுதான் கிடைக்கும். பிறகு அந்த நிபந்தனையை நீக்க ஐ-751 மனுப் போட்டு, 750 டாலர் கட்டி, கல்யாணம் உண்மையானதுதான் என்று மறுபடி ஒரு கட்டுக் காகிதம் காட்ட வேண்டும். அக்டோபர் ஆண்டு நிறைவு தாண்டி வந்தால் நேராக 10 ஆண்டு கார்டு. விசாவில் நிபந்தனைப் பிரிவு அச்சாகியிருந்தாலும், விமான நிலைய அதிகாரியிடம் திருமணத் தேதியைக் காட்டிக் கேளுங்கள், மாற்றிப் பதிவார்கள். இந்த அவகாசம் ஃபிளாட் விற்கவும் உதவும். ஆனால் பிரிந்திருப்பது உங்களுக்குத்தான் தெரியும், 750 டாலருக்காக மாதக்கணக்கில் காத்திருங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்து மாமனார் பணம். சீனாவில் ஒருவர் ஆண்டுக்கு 50,000 டாலர் அளவுக்குத்தான் எளிதாக வெளிநாட்டுப் பணம் வாங்க முடியும். வங்கியில் அதற்கான நோக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் வீடு வாங்குவது அதில் அனுமதிக்கப்படாத நோக்கம். சித்தப்பா, அத்தை என்று பிரித்து ஒரே கணக்குக்கு அனுப்புவதைத்தான் அங்கே எறும்புகள் வீடு மாற்றுவது என்று கிண்டலாகச் சொல்வார்கள். அந்நியச் செலாவணி அலுவலகம் முதலில் தேடுவதும் அதைத்தான். மாட்டினால் அந்த உறவினர்களின் பெயர் கவனிப்புப் பட்டியலில் ஏறி, அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும் இந்த வசதி போய்விடும். கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பக் காத்திருக்கும் அத்தைக்கு இது நியாயமா?

இந்தப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவரிடமிருந்து ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் உங்களுக்கு அன்பளிப்பாக வந்தால் படிவம் 3520 தாக்கல் செய்ய வேண்டும். வரி கிடையாது, தகவல்தான். ஆனால் தாக்கல் செய்யாமல் விட்டால் அபராதம் மாதத்துக்கு 5% வீதம் 25% வரை போகும். உறவினர்கள் தனித்தனியாக அனுப்பினாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஆகவே மாமனார் தரவிரும்புவதை உங்களுக்கு அனுப்ப வேண்டாம். மகள் செங்டுவில் இருக்கும்போதே மகளின் சீன வங்கிக் கணக்கில் கொடுத்துவிடட்டும். அப்போது அது சீனாவுக்குள் அப்பா மகளுக்குக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் மனைவி தன் சொந்த 50,000 டாலர் ஒதுக்கீட்டில், உண்மையாகவே தன் வாழ்க்கைச் செலவுக்கு, ஆண்டுதோறும் எடுத்துவரலாம். ஒதுக்கீடு ஜனவரி 1-ல் புதுப்பிக்கும். அவர் பணத்தில் வீட்டுச் செலவு ஓடினால் உங்கள் சம்பளத்தில் முன்பணம் சேரும். கலிஃபோர்னியாவில் கல்யாணத்துக்குப் பின் நீங்கள் வாங்கும் சம்பளத்தில் பாதி சட்டப்படி அவருடையது, அதில் வாங்கும் வீடும் அப்படியே. அதனால் அவருக்கு இதில் நஷ்டம் இல்லை. மொத்தத்தையும் கொண்டுவர, குடியேறியவர்களின் சொத்து மாற்றத்துக்கு 2004 விதிகளின்படி வேறொரு வழி உண்டு. அதற்கு ஹுகோ என்ற குடும்ப வசிப்பிடப் பதிவை ரத்துசெய்த சான்று கேட்பார்கள், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று அதில் இறங்க வேண்டாம். 13 வருடம் ஓய்வூதியச் சந்தா கட்டியிருக்கிறார், தகுதிக்கு இப்போதைய குறைந்தபட்சம் 15 வருடம், 2030-லிருந்து அது படிப்படியாக 20 ஆக உயர்கிறது. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை, அங்கே கட்டிய வருடங்கள் இங்கே எண்ணப்படாது. மீதி வருடங்களைச் சொந்தமாகக் கட்டி முடிக்க முடியுமா என்று செங்டு அலுவலகத்தில் கேட்டுவரச் சொல்லுங்கள். ஹுகோ இருந்தால்தான் அந்தப் பேச்சே.

அலிபேயில் இருக்கும் 3 லட்சம் யூஅபாவில் கிடக்கிறதா என்று பாருங்கள். செல்பேசியில் பார்த்தால் சேமிப்புக் கணக்கு மாதிரி இருக்கும், உண்மையில் அது பணச்சந்தை நிதி. அமெரிக்க வரிச் சட்டத்தில் வெளிநாட்டு நிதிகள் அநேகமாக எல்லாம் பிஃபிக் என்ற கெடுபிடியான வகையில் விழும், கணக்கெழுதும் செலவே வட்டியைத் தின்றுவிடும். சீன வங்கிகள் விற்கும் லிச்சாய் முதலீடுகளும் பெரும்பாலும் இதே கதை. எல்லாவற்றையும் வருமுன் சாதாரண வைப்பாக மாற்றிவிடட்டும். பெற்றோர் பணம் இவர் பெயரில் எங்காவது கிடந்தால் அதையும் அவர்கள் பெயருக்குத் திருப்பிவிடுங்கள். வந்தபின் வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை) தாக்கல் செய்ய வேண்டும். ஊரில் உள்ள உங்கள் என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்காக ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள், இல்லையா?

எவ்வளவு ஒதுக்குவது? அரசுக் கட்டணம் பெரிதில்லை. ஐ-130-க்கு இணையவழியில் 625 டாலர் கட்டியிருப்பீர்கள், இனி 325, 120, 235 டாலர் என மூன்று கட்டணம். மனைவியைத் தாங்குவேன் என்ற ஐ-864 உறுதிமொழிக்கு வறுமைக்கோட்டின் 125% வருமானம் போதும், உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கையெழுத்துப் போடுமுன் அது என்ன என்று படித்துவிடுங்கள். மனைவி குடியுரிமை வாங்கும்வரை அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை அவரைத் தாங்கும் பொறுப்பு உங்களுடையது, விவாகரத்து ஆனாலும் அது கழலாது. பெரிய செலவு மருத்துவக் காப்பீடுதான். அவரை எந்தத் தேதியிலிருந்து சேர்க்கலாம், எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே முடியாதென்றால் கவர்டு கலிஃபோர்னியா என்ற மாநிலக் காப்பீட்டுச் சந்தையில், வந்த 60 நாளுக்குள் சேர்க்கலாம்.

வங்கியில் ஒரு கூட்டுக் கணக்கு, அதோடு அவருக்கென்று ஒரு தனிக் கணக்கு. மாதாமாதம் ஒரு தொகை தனிக் கணக்குக்குத் தானாகவே போகட்டும், கேட்டு வாங்கும் நிலை வேண்டாம். செங்டுவில் சொந்தச் சம்பளத்தில் இருந்தவர் இங்கே காய்கறி வாங்கியதற்கெல்லாம் உங்கள் செல்பேசியில் மணியடித்தால் ஆறே மாதத்தில் மனம் கசந்துவிடும். அங்கே பூக்காரியிடம்கூடக் கியூஆர் ஸ்கேன் செய்து பழகியவர், தனிநபர் காசோலையை அநேகமாகப் பார்த்தே இருக்கமாட்டார். ஒன்றை எழுதிக் காட்டுங்கள். உங்கள் பழைய கிரெடிட் கார்டு ஒன்றில் அவர் பெயரைச் சேர்த்தால் அவருக்கும் கடன் வரலாறு தொடங்கும்.

சீன செல்பேசி எண்ணை மட்டும் துண்டித்துவிட வேண்டாம், வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். மாதம் 8 யுவான் திட்டம் போதும். நாமும் ஊர் சிம்மை இப்படித்தானே உயிரோடு வைத்திருக்கிறோம்.

விசா விண்ணப்பத்திலேயே சமூகப் பாதுகாப்பு எண் கேட்கும் இடத்தில் ஆம் போட்டால் அட்டை தபாலில் வந்துவிடும். வந்த நாளிலிருந்தே அவர் வேலைக்குப் போகலாம். கலிஃபோர்னியா கம்யூனிட்டி கல்லூரிகளின் கிரெடிட் இல்லாத ஆங்கில வகுப்புகளுக்குக் கட்டணம் கிடையாது. கணக்காளர் என்பதால் வரி ஆலோசகராக ஐஆர்எஸ் நடத்தும் என்ரோல்ட் ஏஜென்ட் தேர்வைச் சொல்வேன். மூன்று தாள், பட்டம் கேட்பதில்லை. உங்கள் பகுதியில் சீன மொழியில் பேசும் வரி ஆலோசகருக்கு வேலைக்குப் பஞ்சமிருக்காது.

குடியுரிமையை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரும். உங்களோடு சேர்ந்து வாழ்ந்தால் மூன்றாண்டில் விண்ணப்பிக்கலாம். சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நமக்கு ஓசிஐ அட்டை இருப்பதுபோல அங்கே எதுவும் கிடையாது. ஃபிளாட், ஓய்வூதியம், பெற்றோரின் முதுமை மூன்றையும் வைத்து அவர்தான் முடிவெடுக்க வேண்டும், நீங்கள் அவசரப்படுத்தாதீர்கள்.

கடைசியாக, உங்கள் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்பிலும் ஆயுள் காப்பீட்டிலும் நாமினியாக இன்னும் அம்மா பெயர்தானா? அலுவலக ஓய்வூதியத் திட்டமான 401(கே)-யில் பொதுவாக மனைவிக்குத்தான் சட்டப்படி முதல் உரிமை, மற்ற இரண்டிலும் முதலில் எழுதிய பெயரைத்தான் பார்ப்பார்கள். இந்த வாரமே திறந்து பாருங்கள்.