இரவில் பற்றரியை நிரப்பினால் கரண்ட் பில் குறையுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம், ஏழு பேர், இரண்டு ஏசி. கூரை எங்களுடையது இல்லை என்பதால் சோலார் போட வழியில்லை. 5 யூனிட் லித்தியம் பற்றரி ஒன்றை வாங்கி, இரவு பத்தரைக்குப் பிறகு மெயின் கரண்டிலேயே நிரப்பி, அடுத்த நாள் மாலை பாவித்தால் பில் பாதியாகும் என்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: தங்கச்சி, பற்றரியை விடுங்கள், முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கட்டணம் யூனிட் கூடக் கூட விலை ஏறும் சாதாரண வீட்டுக் கட்டணமா, இல்லை நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணமா? சாதாரணக் கட்டணம் என்றால் இரவு ஒரு மணிக்கு எடுக்கும் யூனிட்டுக்கும் மாலை ஏழு மணிக்கு எடுக்கும் யூனிட்டுக்கும் ஒரே விலைதான். போதாக்குறைக்கு, பற்றரிக்குள் போகும் கரண்ட் முழுதாகத் திரும்பி வராது, இன்வேர்ட்டரிலும் (பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) பற்றரியிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து சூடாகப் போய்விடும். ஆகவே இந்தக் கட்டணத்தில் இரவில் நிரப்பினால் பில் கூடத்தான் செய்யும். விற்பவர் இதை உங்களிடம் கேட்டாரா? கேட்காமலே விலை சொன்னார் என்றால் எனக்கு அது பிடிக்கவில்லை.

நேரக் கட்டணத்தை மின்சார சபை வீடுகளுக்கு 2015இல் கொண்டுவந்தது, அப்போது அது த்ரீ பேஸ் (மூன்று கம்பியில் கரண்ட் வரும் இணைப்பு) 30 அம்பியரும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு, விரும்பினால் மட்டும். காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், அதற்குப் பிறகு விடிய 5.30 வரை மலிவு நேரம். 2022 ஓகஸ்டில் கட்டணம் ஏறுவதற்கு முன் யூனிட்டுக்குப் பகல் 25 ரூபாய், உச்சம் 54, மலிவு 13. அதற்குப் பிறகு பல தடவை மாறிவிட்டது, உங்கள் கணக்குக்கு இன்றைய பில்லில் உள்ள எண்களைப் போடுங்கள், முறை மட்டும் இதுதான்.

5 யூனிட் பற்றரியில் நாளுக்கு 4 யூனிட் எடுக்கிறீர்கள் என்று வைப்போம். அந்த 4 யூனிட்டுக்காக இரவில் கிட்டத்தட்ட 4.7 யூனிட் உள்ளே போக வேண்டும், 13 ரூபாய்ப்படி 61 ரூபாய். அதே 4 யூனிட்டை உச்ச நேரத்தில் வெளியே வாங்கியிருந்தால் 216 ரூபாய். நாளுக்கு 155 மிச்சம், மாதம் 4,650. பற்றரி, இன்வேர்ட்டர், வயரிங் எல்லாம் சேர்த்து உதாரணத்துக்கு நாலு லட்சம் என்றால் போட்ட காசு திரும்பி வர ஏழு வருடத்துக்கு மேல் போகும். அதே பற்றரியைப் பகலில் காலி செய்தால் மிச்சம் 39 ரூபாய்தான், ஆகவே மாலை 6.30க்கு முன் அதைத் தொட விடக்கூடாது. பில் பாதியாகும் என்பது, மாலை நாலு மணிநேரத்தில்தான் உங்கள் செலவில் பெரும்பகுதி போகிறது என்றால் மட்டும் நடக்கலாம், இரண்டு ஏசியும் விடிய விடிய ஓடுகிற வீட்டில் அப்படி இருக்காது.

இன்னொன்று. ஒரு பேஸில் பூட்டிய சிங்கிள் பேஸ் இன்வேர்ட்டர் அந்த ஒரு பேஸில் உள்ள சாமான்களைத்தான் ஓட்டும். உங்கள் ஏசி எந்த பேஸில் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனிடம் பலகையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், நேரக் கட்டணத்துக்கு மாறினால் பற்றரி வாங்காமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டர், ஹீட்டர், மூன்றையும் பத்தரைக்குப் பிறகு அல்லது விடிய ஐந்தரைக்கு முன் போடுங்கள். இரண்டு மாதம் அப்படி இருந்து பாருங்கள், அதற்குப் பிறகும் உச்ச நேரத்து யூனிட் குறையவில்லை என்றால் பற்றரியைப் பற்றிப் பேசலாம்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் கட்டாயம் பார்க்க வேண்டியது இன்வேர்ட்டரின் மணிக்கூடு. பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் பற்றரி போட்டு மூன்று மாதம், பில் கூடியிருக்கிறது, ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. போய்ப் பார்த்தால் மணிக்கூடு தொழிற்சாலையில் வைத்த சீன நேரத்திலேயே இருந்தது, அது நம்மை விட இரண்டரை மணிநேரம் முன்னால். பத்தரைக்கு நிரப்பு என்று சொல்லி வைத்தது, இங்கே எட்டு மணிக்கே, நடு உச்ச நேரத்தில் நிரப்பத் தொடங்கியிருக்கிறது. பூட்டியவர்கள் ஒரு நிமிடம் செலவழித்துப் பார்த்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு காசு போயிருக்காது, எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கேள்வி: நுகேகொடையில் வீடு. கூரையில் சோலார், நெட் அக்கவுண்டிங் (அனுப்பும் யூனிட்டை எடுக்கும் யூனிட்டோடு கழித்து, மிச்சத்துக்குக் காசு தரும் முறை). இரவில் மலிவாகப் பற்றரியை நிரப்பி மாலையில் எங்களுக்குக் கரண்ட் தரும் லெக்கோ கம்பனிக்கே திருப்பி விற்கலாமா ஐயா?

பதில்: விற்கக் கூடாது. நீங்கள் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் வெயிலில் வரும் கரண்டுக்கு. பற்றரியிலிருந்து வெளியே அனுப்பும் வசதியை இன்வேர்ட்டரில் நிறுத்தியே வையுங்கள்.

அது மட்டுமல்ல, நீங்கள் சாதாரணக் கட்டணத்தில் இருந்தால் பகலில் அனுப்பும் ஒரு யூனிட் இரவில் எடுக்கும் ஒரு யூனிட்டைக் கழிக்கிறது. லைனே உங்களுக்குப் பற்றரி மாதிரி வேலை செய்கிறது, அதுவும் சேதாரம் இல்லாமல். உங்களுக்குப் பற்றரி தேவை என்றால் அது கரண்ட் போகும் நாளுக்குத்தான். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் வெட்டினார்கள், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கப் போனது. சாதாரண சோலார் இன்வேர்ட்டர் லைன் போனதும் தானும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் வீட்டில் மின்விசிறி சுற்றாது, அதற்காக வாங்குகிறேன் என்றால் எனக்கு மறுப்பில்லை. நூற்றுக்கு முப்பதாவது எப்போதும் மிச்சம் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரண்ட் வெட்டுக் காலத்தில் வாங்கிய பழைய 150 அம்பியர் பற்றரி இரண்டு, கொட்டாஞ்சேனை வீட்டில் சும்மா கிடக்கிறது. இதைத் தினமும் இரவில் நிரப்பிப் பாவிக்கலாமா?

பதில்: வேண்டாம். அவை ஈயப் பற்றரி, 12 வோல்ட் இரண்டும் சேர்ந்து புதிதாக இருந்தபோதே 3.6 யூனிட், அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் வேகமாகக் குறையும். கிடைப்பது நாளுக்கு 1.8 யூனிட், பழையது என்றால் அதுவும் இல்லை. கரண்ட் போகும் நேரத்துக்கு வைத்திருங்கள், தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயு வரும், எரியக்கூடியது, ஆகவே படுக்கையறையில் இருந்தால் இன்றைக்கே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில், சாமி விளக்கு எரியும் இடத்துக்குத் தூரமாக வையுங்கள்.