81 எப்படி 52 ஆனது? முன்னேற்ற அட்டை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பில் என் மகளுக்குக் கணக்கில் 81 மார்க்கு, ஏ2 கிரேடு. ஒன்பதாம் வகுப்பு காலாண்டில் 52. பள்ளிக்கூடமும் அதேதான். எதனால் இப்படி விழுந்தாள்? டியூஷன் மாற்ற வேண்டுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: டியூஷன் கிடக்கட்டும். முதலில் அந்த 81-ஐப் பிரித்துப் பாருங்கள். 2012-13இல் ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, எட்டாம் வகுப்பு வரை 100 மார்க்கில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவக் கடைசியில் எழுதும் தேர்வுக்கு என்று வைத்தார்கள். வளரறி 40-இல் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. சார்ட் ஒட்டுவது, குழுவாகச் செய்வது எல்லாம் அந்தச் செயல்பாட்டில் வரும். அதில் முழு மார்க்கும் வாங்கும் பிள்ளைகள் நிறையவே உண்டு. உங்கள் மகளின் அட்டையும் அந்த முறையில் இருந்து, 40-க்கு 40 கிடைத்திருந்தால், தேர்வில் அவள் எழுதி வாங்கியது 60-க்கு 41தான். நூற்றுக்குக் கணக்கிட்டால் 68. அப்படியானால் சரிவு 29 இல்லை, 16. ஏ2 என்ற எழுத்து இதையெல்லாம் காட்டாது. 81 முதல் 90 வரை எந்த வழியில் வந்தாலும் ஏ2தான்.

அந்த 16-ஐயும் லேசாக விட முடியாது. விடைத்தாளை வாங்கி, பகுதிவாரியாக ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் அமைப்பு இது: 1 மார்க்கு 14 வினா, 2 மார்க்கு 10 வினா, 5 மார்க்கு 10 வினா, கடைசியில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஒன்பதிலேயே பெரும்பாலும் இதே அமைப்பில்தான் பழக்குகிறார்கள். 52 வாங்கிய ஒரு தாள் இப்படி இருக்கலாம்: 14-க்கு 12, 20-க்கு 14, 50-க்கு 22, 16-க்கு 4. போன 48-இல் 40 மார்க்கு கடைசி இரண்டு பகுதிகளில் போயிருக்கிறது. அடிப்படை தெரியாத பிள்ளை 1 மார்க்கில் 12 வாங்காது. அவளுக்குத் தெரிகிறது; நீளமாக எழுதத்தான் வரவில்லை.

இனி 5 மார்க்குக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொடாமலே விட்டிருந்தால் அந்தப் பாடம் படிக்கவில்லை. முதல் வரியிலேயே தப்பு என்றால் கருத்து புரியவில்லை. நான்கு வரி சரியாக வந்து கடைசியில் குறி மாறியிருந்தால் கவனக்குறைவு. முன்பக்கக் கணக்குகள் சுத்தமாக இருந்து கடைசி இரண்டும் கிறுக்கலாக இருந்தால் நேரம் போதவில்லை. நான்குக்கும் மருந்து வேறு வேறு. நேரம் போதாத பிள்ளையை இன்னொரு டியூஷனில் சேர்த்தால், வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பழகும் நேரமும் போய்விடும்.

வடிவியலில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். முக்கோணத்தின் செங்கோட்டு மையத்துக்கு உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் குத்துக்கோடு வரைய வேண்டும். சுற்றுவட்ட மையத்துக்கு வேண்டியது பக்கத்தின் மையக்குத்துக்கோடு. பெயர்கள் ஒன்றுபோலத் தெரிவதால் ஒன்றைக் கேட்டால் மற்றதை வரைந்து வைக்கிறார்கள். படம் அழகாக இருக்கும், மார்க்கு வராது. உதவிப்படம் போடாமல் விடுவது, ஆணி தளர்ந்த கவராயம், வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறப்பது ஆகியவையும் உண்டு. கவராயத்தை இன்றைக்கே எடுத்து முறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் அரையாண்டில் மட்டும் பையனுக்கு எல்லாப் பாடத்திலும் குறைகிறது. ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முன்னேற்ற அட்டையில் மார்க்குக்குக் கீழே இருக்கும் வருகைக் கட்டத்தைப் பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அக்டோபர், நவம்பர் மழை விடுமுறை போக, மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளுக்கு நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 என உள்ளூர் விடுமுறைகளும் வருகின்றன. உள்ளூர் விடுமுறையை ஒரு சனிக்கிழமையில் ஈடுகட்டுவார்கள். பல வீடுகளில் அந்தச் சனிக்கிழமை கல்யாண வீட்டுக்கோ சடங்கு வீட்டுக்கோ போய்விடுகிறது. ஆனால் விட்டுப்போன பாடத்தை முடிக்கும் நாள் அதுதான். எந்தத் தேதிகளில் வரவில்லை, அன்று என்ன பாடம் நடந்தது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுக் குறித்து வாருங்கள். உடன் படிக்கும் பிள்ளையின் நோட்டைப் பார்த்து அந்தப் பகுதியை மட்டும் எழுத வைத்தால் போதும்.

கேள்வி: வீட்டுக்காரர் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனால் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பெற்றோர் கூட்டத்துக்கு நான்தான் போகிறேன். எனக்குப் படிப்பு குறைவு. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். என்ன கேட்க வேண்டும்?
– வாசகி, தூத்தூர்

பதில்: படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அம்மா. மூன்றே கேள்வி கேளுங்கள். "இந்தத் தேர்வில் வகுப்புச் சராசரி என்ன?" சராசரி 45 என்றால் உங்கள் பிள்ளை வாங்கிய 50 நல்ல மார்க்கு, சராசரி 70 என்றால் கவனிக்க வேண்டும். "எந்தப் பகுதியில் மார்க்கு போகிறது?" "அடுத்த தேர்வுக்குள் வீட்டில் நான் என்ன பார்க்க வேண்டும்?" மூன்றாவது கேள்விக்குப் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். "நல்லா படிக்கச் சொல்லுங்க" என்பது பதில் இல்லை. "தினமும் ஒரு பக்கம் இங்கிலீஷ் சத்தமாக வாசிக்க வையுங்கள்" என்பது பதில். விடைத்தாளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால், அப்பா கரைக்கு வந்ததும் பார்ப்பார். அப்பா கேட்பார் என்று பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். கூட்ட நாளில் போக முடியாவிட்டால் வேறு நாள் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கூலியை விட்டு வர முடியாத முந்திரி ஆலைத் தாய்மாருக்கும் இதுவே வழி.

கேள்வி: பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25-க்கு 25 கிடைத்துவிட்டால் எழுத்துத் தேர்வில் 10 எடுத்தாலே 35 ஆகிவிடும், பாஸ்தானே என்கிறான் மகன். சரியா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: தவறு. எழுத்துத் தேர்வில் 75-க்கு 20-உம், செய்முறையில் 25-க்கு 15-உம் தனித்தனியாக எடுக்க வேண்டும். 25-உம் 18-உம் சேர்ந்து 43 ஆனாலும் தேர்ச்சி இல்லை. ஒரு மார்க்கு 12, இரண்டு மார்க்கு 7 வினா; இவை மட்டுமே 26 மார்க்கு. அந்த இரண்டு பகுதிகளையும் முதலில் உறுதியாக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முன்னேற்ற அட்டையில் குறிப்புரை எழுத ஒரு வரிதான் இடம். அதில் என்ன எழுத முடியும்?
– ஆசிரியை, தக்கலை

பதில்: ஒரு வரி போதும். "கவனம் தேவை" என்பது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். அதை வாசித்துவிட்டு வீட்டில் திட்டத்தான் முடியும், வேறொன்றும் செய்ய முடியாது. ஒரு பலம், ஒரு பிழை, ஒரு வேலை என்று எழுதிப் பாருங்கள். "வழிமுறை சரி, கழித்தலில் குறி மாறுகிறது, தினம் 2 கணக்கு, விடையைச் சரிபார்க்கவும்." தமிழுக்கு: "கருத்து உண்டு, ல, ள, ழ பிழை, தினம் 5 வரி பார்த்து எழுதவும்." அடுத்த அட்டை எழுதும்போது போன குறிப்புரையை எடுத்துப் பார்த்து, அந்தப் பிழை குறைந்ததா என்பதையே முதலில் எழுதுங்கள். கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் தமிழ் பேசத் தெரிந்தும் மலையாளம் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பெற்றோர் உண்டு. அட்டையைக் கொடுக்கும் முன் குறிப்புரையைப் பிள்ளையிடமே ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் அதைச் சொல்லப் போவது அந்தப் பிள்ளைதான்.