போன் இணையத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கோவில்பட்டிக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து, சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குகளை வீட்டிலிருந்தபடியே தாக்கல் செய்து தரும் வாசகி ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். அவரிடம் இருப்பது கடையில் சொல்லி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். விண்டோஸ் 11 இருக்கிறது, வைஃபை வசதி இல்லை. நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கிடைக்கும் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்தால் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் போன் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குக் கொடுக்க உதவும் 'யுஎஸ்பி டெதரிங்' என்ற விருப்பம் செட்டிங்ஸில் மங்கலாகவே இருக்கிறது, தொட்டாலும் நகர்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கேபிளில் ஒரு நாள் வேலை செய்தது. ஆனால் ஜிஎஸ்டி தளத்தைத் தவிர வேறெதையும் திறக்காத நிலையிலும் மதியத்துக்குள் 2 ஜிபி முழுவதும் தீர்ந்துவிட்டது. இப்படி நாள் முழுவதும் இணைத்து வைத்தால் போன் கெட்டுவிடுமா என்பது அவருடைய மூன்றாவது கேள்வி.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெதரிங்கை இயக்கியதும் போன் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்யத் தொடங்குகிறது: ஒரு பக்கம் மொபைல் டவருடன் தொடர்புகொள்ளும் மோடமாகவும், மறுபக்கம் கணினிக்கு ஐபி முகவரி கொடுத்து அதன் போக்குவரத்தை வெளியே அனுப்பும் ரவுட்டராகவும் அது இயங்குகிறது. கணினி அதைப் போன் என்று பார்ப்பதில்லை. தன்னிடம் புதிதாக ஒரு நெட்வொர்க் கார்டு வந்திருக்கிறது, அதில் லேன் கேபிள் செருகப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் இரண்டாவது கேள்விக்கான விடை பாதி புரிந்துவிடும். 2010-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 2.2 முதலே இந்த வசதி போனுக்குள்ளேயே இருப்பதால், இதற்கென்று தனிச் செயலி எதையும் நிறுவ வேண்டியதில்லை; நிறுவச் சொல்லும் விளம்பரங்களை நம்பவும் வேண்டாம்.

இனி முதல் கேள்வி. பக்கத்து வீட்டுக் கேபிளில் வேலை செய்தது என்பதால் பழுது போனிலோ கணினியிலோ இல்லை, உங்கள் கேபிளில்தான் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கும்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு. பேருந்து நிலையக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றிலும், ஹெட்போன், ஷேவர் போன்ற சிறு சாதனங்களோடு வருபவற்றிலும் டேட்டாக் கம்பிகள் இரண்டும் இல்லாமலே இருப்பதுண்டு. அத்தகைய கேபிளில் சார்ஜ் குறைவின்றி ஏறும், ஆனால் போனும் கணினியும் ஒன்றையொன்று அறியவே அறியா. கணினியில் செருகும் அகலமான முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். பொன்னிறத் தகடுகள் நான்கு வரிசையாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள இரண்டும் இல்லாமல் ஓரத்துத் தகடுகள் மட்டும் தெரிந்தால் அது சார்ஜ் கேபிள்தான். நான்கு தகடுகளும் இருந்து உள்ளே கம்பி மட்டும் இல்லாத கேபிள்களும் உண்டு என்பதால், கண்ணால் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை வேறொன்று: கேபிளைச் செருகியதும் கணினியில் புதிய சாதனம் இணைந்ததற்கான ஒலி எழுகிறதா, போனின் அறிவிப்புப் பட்டியலில் 'யுஎஸ்பி' பற்றிய வரி வந்து, அதைத் தொட்டால் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்', 'யுஎஸ்பி டெதரிங்' ஆகிய விருப்பங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் நடக்கவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். கடையில் வாங்கும்போது 'டேட்டா கேபிள்' என்று கேட்டு, முடிந்தால் அங்கேயே ஒரு கணினியில் செருகிப் பார்த்து வாங்குவது நல்லது.

கேபிள் சரியாக இருந்தும் விருப்பம் மங்கலாகவே இருந்தால் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். போனின் சார்ஜிங் துளைக்குள் பஞ்சும் தூசியும் படிந்து இறுகிவிட்டால் முனை முழுவதும் உள்ளே போகாது; மின்சாரம் செல்லும், டேட்டா செல்லாது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம். ஊசியோ வேறு உலோகமோ வேண்டாம். டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளைகள் கேபினெட்டுக்குள் ஓடும் மெல்லிய கம்பி வழியாக மதர்போர்டை அடைவதால் சில கணினிகளில் அவை தளர்ந்திருக்கும். பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் செருகிப் பாருங்கள். பலர் யோசிக்காத காரணம் ஒன்றும் உண்டு: போனில் 'டேட்டா சேவர்' இயங்கிக்கொண்டிருந்தால் ஆண்ட்ராய்டு டெதரிங்கையும் ஹாட்ஸ்பாட்டையும் சேர்த்தே தடுத்துவிடும். டேட்டாவை மிச்சப்படுத்த வேண்டும் என்று கவலைப்படுபவர்கள்தான் அதை இயக்கி வைத்திருப்பார்கள் என்பதால் உங்கள் போனில் அது இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

டெதரிங் இயங்கியும் கணினியில் இணையம் வரவில்லை என்றால், கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் மைக்ரோசாஃப்ட் வகுத்த ஆர்என்டிஐஎஸ் என்ற முறையில்தான் விண்டோஸுடன் பேசுகின்றன. அதற்கான டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள், விண்டோஸிலேயே இருக்கிறது. அரிதாக அது தானே அமையாமல் மஞ்சள் முக்கோணத்துடன் நிற்கும். அப்போது அந்த வரியை வலது கிளிக் செய்து, 'அப்டேட் டிரைவர்' வழியே கணினியில் உள்ள பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வழியில் சென்று, நெட்வொர்க் அடாப்டர்கள் பிரிவில் மைக்ரோசாஃப்ட்டின் கீழ் உள்ள 'ரிமோட் என்டிஐஎஸ் கம்பாட்டிபிள் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இதற்கு இணையம் தேவையில்லை.

இரண்டாவது கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் கேபிளை மாற்றியதும் பிரச்சினை முடிந்தது என்று நினைத்துவிடுவோர்தான் மறுநாளே டேட்டாவை இழக்கிறார்கள். போனிலேயே இணையத்தைப் பயன்படுத்தும்போது, மொபைல் டேட்டா அளவானது என்பதைப் போனின் மென்பொருள் அறிந்திருக்கிறது; பெரிய அப்டேட்டுகளை வைஃபை வரும்வரை தள்ளிவைக்கிறது. கணினிக்கு அந்த அறிவு இல்லை. லேன் கேபிள் செருகப்பட்டிருப்பதாக அது நினைப்பதாலும், லேன் என்றால் அளவில்லாத இணைப்பு என்று கருதும்படி அமைக்கப்பட்டிருப்பதாலும், நீங்கள் ஜிஎஸ்டி தளத்தின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் நேரத்திலேயே பின்னணியில் விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவ் உங்கள் டாகுமென்ட்ஸ் கோப்புறையை மேலேற்றும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். விண்டோஸின் மாதாந்திர அப்டேட் ஒன்றே உங்கள் ஒரு நாள் ஒதுக்கீட்டில் பெரும்பகுதியைத் தின்றுவிடக்கூடும். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பாக இருந்தால் 2 ஜிபி போதாமலும் போகலாம்.

இதற்கான தீர்வு விண்டோஸிலேயே இருக்கிறது. போனை இணைத்து டெதரிங்கை இயக்கிய நிலையில், செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' சென்று, 'ஈதர்நெட்' என்பதைத் திறந்து, 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்ற பொத்தானை இயக்குங்கள். அளவுள்ள இணைப்பு இது என்று கணினிக்கு அறிவிக்கும் பொத்தான் இதுதான். இதை இயக்கிய பிறகு பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்குவதில்லை, ஒன்டிரைவ் ஒத்திசைவை நிறுத்திவைக்கிறது, ஸ்டோர் செயலிகளும் காத்திருக்கின்றன. ஆனால் இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும்: சில போன்கள் மறுதொடக்கம் ஆகும்போதெல்லாம் தம் நெட்வொர்க் முகவரியை மாற்றிக்கொள்கின்றன, கணினி அதை வேறொரு புதிய இணைப்பாகக் கருதி, நீங்கள் செய்த அமைப்பை விட்டுவிடலாம். அதனால் முதல் சில நாட்கள், வேலையைத் தொடங்குவதற்கு முன் அந்தப் பொத்தான் இயங்கிய நிலையில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் எந்த வகை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மீட்டர்டு என்று அறிவித்தாலும் எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை. பிரவுசரில் ஓடும் வீடியோ, தனியாக நிறுவிய கிளவுட் சேமிப்புச் செயலி, சில ஆன்டிவைரஸ்கள் ஆகியவை தம் போக்கில் போகும். எது எவ்வளவு எடுத்தது என்பதை ஊகிக்க வேண்டாம்: விண்டோஸ் 11-இல் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' என்பதன் கீழ் 'டேட்டா யூசேஜ்' பகுதியில் செயலிவாரியாகக் கணக்கு இருக்கிறது. போனிலும் மொபைல் டேட்டாப் பயன்பாட்டுப் பட்டியலில் டெதரிங்குக்கென்று தனி வரி இருக்கும். கணினிக்குச் சென்றது எவ்வளவு, போனே செலவழித்தது எவ்வளவு என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். வணிகர்களின் கணக்கைப் பைசா சுத்தமாக ஒப்பிட்டுப் பார்க்கும் உங்களுக்கு இந்த இரண்டு பட்டியல்களையும் ஒருமுறை ஒப்பிடுவது கடினமாக இருக்காது.

அதே நேரத்தில் அப்டேட்டுகளை ஒரேயடியாக நிறுத்திவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிறருடைய வரிக் கணக்குகளும் கடவுச்சொற்களும் இருக்கும் கணினி அது. பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் அதை ஓட்டுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் தீங்கு. தினசரி ஒதுக்கீட்டில் மீதமிருப்பது மறுநாளுக்குச் சேராது என்பதால், வேலை குறைவாக இருந்த நாளில் இரவு 10 மணிக்கு மேல் மீட்டர்டு பொத்தானை அணைத்துவிட்டு, மீதமுள்ள டேட்டாவில் அப்டேட்டை இறக்கிக்கொள்ளுங்கள். பாதியில் டேட்டா தீர்ந்தாலும் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து மறுநாள் இரவு தொடரும். மாதந்தோறும் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி 3பி படிவத்துக்கான 20-ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒதுக்கீடு தீர்ந்த பிறகு பல பேக்குகளில் கிடைக்கும் 64 கேபிபிஎஸ் வேகத்தில் அந்தத் தளத்தின் முதல் பக்கம் திறப்பதே சிரமம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கேபிள் வழியே இணையம் கொடுப்பது போனைக் கெடுக்காது; ஹாட்ஸ்பாட்டைவிட இதுவே போனுக்கு இலகுவான வேலை, ஏனெனில் வைஃபை அலைபரப்பி ஓய்வில் இருக்கிறது, சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கிறது. கவலைப்பட வேண்டியது வெப்பத்தைப் பற்றித்தான். சிக்னல் நன்றாக வருகிறது என்று ஜன்னலோரத்தில் வைப்பது சரியான யோசனை. டவருடன் தொடர்புகொள்ளப் போன் சிரமப்படாததால் சூடும் குறையும், வேகமும் கூடும். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை இருக்கலாம் என்பதால் தரமான 2 அல்லது 3 மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கி, உள்ளறையில் இருக்கும் டெஸ்க்டாப்பிலிருந்து ஜன்னல் வரை கொண்டுபோகலாம். ஆனால் மதிய வெயில் நேராக விழும் ஜன்னலாக இருக்கக் கூடாது, உறையையும் கழற்றிவிடுங்கள். நாள் முழுவதும் 100 சதவீதத்திலேயே பேட்டரி நிற்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். உங்கள் போனின் பேட்டரி அமைப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். மாறாக, இணைத்திருந்தும் சார்ஜ் மெல்லக் குறைகிறது என்றால் பயப்பட வேண்டாம்: சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான். 900 மில்லி ஆம்பியர் தரும் யுஎஸ்பி 3 துளைக்கு மாற்றினால் சரியாகலாம். பல கணினிகளில் அந்தத் துளையின் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கணினியோடு இணைந்திருக்கும் போனின் உலோக விளிம்பைத் தொடும்போது விரலில் சுருக்கென்று ஓர் அதிர்வு தெரிந்தால், வீட்டு மின் இணைப்பில் எர்த் சரியில்லை என்று பொருள். எர்த் இல்லாத டெஸ்க்டாப்பின் கேபினெட்டில் சிறு கசிவு மின்னழுத்தம் நிற்கும். யுஎஸ்பி கேபிளின் வழியே அது போனுக்கும் வந்துவிடுகிறது. மூன்று முனை பிளக்கை இரண்டு முனைத் துளையில் மாற்றி செருகும் அடாப்டர் இருந்தால் உடனே எடுத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்த்த பிறகே தொடருங்கள்.

அழைப்பு வந்தால் இணையம் துண்டிக்கப்படுமா என்ற ஐயமும் பலருக்கு உண்டு. அதே சிம்மில் வோல்ட்இ (4ஜி வழியாகவே அழைப்பும் செல்லும் வசதி) இயங்கினால் பேசும்போதும் டேட்டா தொடரும். இரண்டாவது சிம்மில் அழைப்பு வந்தால் பல போன்களில் அது முடியும்வரை டேட்டா நின்றுவிடும். ரிட்டர்னைச் சமர்ப்பிக்கும் நேரத்தில் இரண்டாவது சிம்மைச் சற்று அணைத்து வைப்பது நல்லது, ஆனால் ஓடிபி வரும் எண் அந்தச் சிம்மில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு அணையுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: விண்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது 'ஆப்பிள் டிவைசஸ்' செயலியை முன்பே நிறுவி, 'பர்சனல் ஹாட்ஸ்பாட்'டை இயக்கி, கேபிளைச் செருகியதும் போனில் வரும் 'டிரஸ்ட்' கேள்விக்குச் சம்மதம் தர வேண்டும். லினக்ஸ் கணினிகளில் ஆண்ட்ராய்டு போன் எந்த அமைப்பும் இன்றியே வேலை செய்யும். மேக் கணினிகள் ஆர்என்டிஐஎஸ் முறையைத் தாமாக ஏற்பதில்லை என்பதால், மேக் வைத்திருப்போர் வைஃபை ஹாட்ஸ்பாட்டையே பயன்படுத்துவது எளிது.

பின்னாளில் உங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தாலும் இந்தக் கேபிள் வீணாகாது. போன் வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும்போது டெதரிங்கை இயக்கினால், பெரும்பாலான போன்கள் மொபைல் டேட்டாவுக்குப் பதிலாக அந்த வைஃபை இணையத்தையே கணினிக்குக் கொடுக்கும். டெஸ்க்டாப்புக்கென்று வைஃபை அடாப்டர் வாங்கும்வரை அதுவே போதும். அந்த நாட்களில் மீட்டர்டு பொத்தானை அணைத்து வைத்து, தேங்கிக் கிடக்கும் அப்டேட்டுகளை முழுவதுமாக முடித்துக்கொள்ளலாம்.