அமெரிக்காவில் டிராவல் நர்ஸாகப் போக எந்த ஏஜென்சி நல்லது? தங்க வீடு எப்படிப் பிடிப்பது?

ஸ்பான்சர் செய்த ஹூஸ்டன் மருத்துவமனையில் உங்கள் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது, க்ரீன் கார்டு கையில் இருக்கிறது, கணவரும் மகளும் ஹூஸ்டனிலேயே இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். டிராவல் நர்ஸாக, அதாவது சில வார ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் நர்ஸாக, எந்த ஏஜென்சியில் சேர்வது, வீட்டை அவர்களே தரட்டுமா, நாமே பார்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கிட்டத்தட்ட இதே வழியில் வந்தவள். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம், டெலிமெட்ரி (நோயாளிகளின் இதயத் துடிப்பைத் திரையில் தொடர்ந்து கவனிக்கும் வார்டு) நர்ஸ், டெக்சாஸில்தான் வேலையைத் தொடங்கினேன்.

இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக நினைத்துத்தான் நான் பணத்தை இழந்தேன். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் இரண்டாவது அசைன்மென்ட் விஸ்கான்சினில். 13 வாரம், வாரத்துக்கு மூன்று பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், எல்லாம் நைட். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை மாதம் 1,350 டாலருக்குப் பிடித்தேன். மூன்று மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்தால் டெபாசிட் வேண்டாம் என்றார்கள், லாபம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். நான்காவது வாரக் கடைசியில் ரெக்ரூட்டர், அதாவது ஏஜென்சியில் எனக்கு வேலை பார்த்துத் தருபவர், போன் செய்தார். வார்டில் நோயாளிகள் குறைந்துவிட்டார்கள், டிராவலர்கள் எல்லோரையும் நிறுத்துகிறார்கள், உனக்கு இன்னும் இரண்டு ஷிஃப்ட்தான் என்றார். காண்ட்ராக்டை எடுத்துப் பார்த்தேன். மருத்துவமனை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று எழுதியிருந்தது. வாடகைச் சீட்டைப் பார்த்தேன். எந்தக் காரணத்துக்காகவும் பணம் திரும்பக் கிடைக்காது என்று அதில் இருந்தது. இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டது நான். இரண்டு மாத வாடகை, 2,700 டாலர், போனது போனதுதான்.

அன்றிலிருந்து எந்த ஏஜென்சியிடம் பேசினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "மருத்துவமனை பாதியில் நிறுத்தினால் எனக்கு எத்தனை நாள் நோட்டீஸ், எவ்வளவு பணம்?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லி, அதைக் காண்ட்ராக்டில் காட்டுகிற ரெக்ரூட்டரோடுதான் மேற்கொண்டு பேசுவேன். "அப்படியெல்லாம் நடக்காது, கவலைப்படாதே" என்றால் அங்கேயே முடித்துக்கொள்வேன்.

சரி, ஏஜென்சிக்கு வருவோம். ஆயா, ஏஎம்என், மெடிக்கல் சொல்யூஷன்ஸ், ஹோஸ்ட் என்று பெரிய பெயர்கள் நிறைய இருக்கின்றன. இதில் எது நல்லது என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது. ஒரே மருத்துவமனையின் ஒரே காலியிடம் பல ஏஜென்சிகளிடமும் போகும். மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தரும், ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நமக்குச் சம்பளமாகவும் ஸ்டைபெண்டாகவும் (தங்கவும் சாப்பிடவும் தரும் படி) பிரித்துத் தரும். அதனால் ஒரே வேலைக்கு இரண்டு ஏஜென்சியில் இரண்டு சம்பளம் சொல்வார்கள். விவியன் தளத்தில் பல ஏஜென்சிகளின் வேலைகளைச் சம்பளத்தோடு ஒரே இடத்தில் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டுப் பேசினால் பேச்சில் ஒரு பிடி இருக்கும். மூன்று ஏஜென்சிகளிடம் பதிந்து வையுங்கள். ஆனால் ஒரே மருத்துவமனைக்கு இரண்டு பேர் உங்கள் பெயரை அனுப்பிவிடக் கூடாது. அப்படி நடந்தால் பல இடங்களில் இரண்டையுமே தள்ளிவிடுவார்கள். "என்னிடம் கேட்காமல் எங்கும் அனுப்பாதீர்கள்" என்று மூன்று பேரிடமும் மெயிலில் எழுதிவிடுங்கள். சின்ன ஏஜென்சி என்றால், மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் ஜாயிண்ட் கமிஷன் அமைப்பின் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். நர்ஸ்களை அனுப்பும் நிறுவனங்களுக்கென்றே அவர்கள் தனியாக ஒரு சான்று தருகிறார்கள்.

அப்புறம் காண்ட்ராக்டில் பார்க்க வேண்டியவை. வாரம் 36 மணி நேரம் உத்தரவாதமா, அல்லது ஆள் வேண்டாம் என்று ஒரு ஷிஃப்டை நிறுத்தினால் அன்றைய சம்பளத்தோடு ஸ்டைபெண்டையும் பிடிப்பார்களா? ஆள் குறைந்தால் வேறு எந்தெந்த வார்டுக்கு உங்களை மாற்றி அனுப்பலாம் (ஃப்ளோட்) என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா? காய்ச்சல் என்று ஒரு நாள் வராவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள்? இன்சூரன்ஸ் முதல் நாளிலிருந்தா, ஒரு மாதம் கழித்தா, இரண்டு அசைன்மென்டுக்கு நடுவில் வீட்டுக்கு வரும் நாட்களில் அது இருக்குமா? மகளும் உங்கள் இன்சூரன்ஸில்தான் என்றால் இந்தக் கடைசிக் கேள்வி சம்பளத்தைவிட முக்கியம்.

சம்பளத்தை வார மொத்தத்தை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். முதல் ஏஜென்சி மணிக்கு 30 டாலர், வாரம் 1,000 டாலர் ஸ்டைபெண்ட். 36 மணிக்கு 1,080, மொத்தம் 2,080. இரண்டாவது மணிக்கு 24, ஸ்டைபெண்ட் 1,240. மொத்தம் 2,104. இரண்டாவதில் வாரம் 24 டாலர் அதிகம் போலத் தெரியும். ஒரு வாரம் நான்காவது ஷிஃப்ட் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 40 மணி நேரம் வரை சாதாரணச் சம்பளம், மீதி 8 மணிக்கு ஒன்றரை மடங்கு. முதல் ஏஜென்சியில் அந்த ஷிஃப்டுக்கு 480, இரண்டாவதில் 384. ஒரே ஷிஃப்டில் 96 டாலர் குறைவு, அதாவது நான்கு வாரத்து லாபம் போய்விட்டது. கூடுதல் ஷிஃப்ட் எடுக்கவே மாட்டேன், ஸ்டைபெண்டுக்கு வரி கிடையாது என்றால் இரண்டாவதுதான் கையில் அதிகம் நிற்கும். உங்கள் பழக்கம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி முதலில் பார்ப்பது வரி கட்டிய சம்பளத்தை.

ஸ்டைபெண்டுக்கு உச்சவரம்பு உண்டு. ஜிஎஸ்ஏ என்ற அரசு அலுவலகம் ஊர்வாரியாகத் தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று நாள் கணக்கு வெளியிடுகிறது. தனியாகக் குறிப்பிடாத ஊர்களுக்கு 2025 நிதியாண்டில் தங்க 110, சாப்பாட்டுக்கு 68 டாலர், ஆக வாரத்துக்கு 1,246. இது வரியில்லாமல் தரக்கூடிய அதிகபட்சம்தான், கட்டாயம் தர வேண்டிய தொகை இல்லை.

இந்த வரிவிலக்கு எல்லோருக்கும் கிடைக்காது. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் கேட்பது டாக்ஸ் ஹோம். நீங்கள் இல்லாதபோதும் ஒரு வீட்டுக்கு நிஜமாகச் செலவு செய்துகொண்டே, வேலைக்காக இன்னோர் இடத்திலும் செலவு செய்ய வேண்டும். ஹூஸ்டன் வீட்டு வாடகையில் உங்கள் பங்கு உங்கள் கணக்கிலிருந்து மாதா மாதம் போகட்டும், அந்த ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் நாகர்கோவிலில் அப்பா கட்டிய வீட்டைக் காட்டினால் போதும் என்று நினைத்திருந்தார். அவர் அங்கே வசிக்கவில்லை, அதற்குச் செலவும் செய்யவில்லை, பிறகு அது எப்படி டாக்ஸ் ஹோம் ஆகும்? 50 மைல் தாண்டினால் வரி இல்லை என்றும் பலர் சொல்வார்கள். அது ஏஜென்சிகளும் மருத்துவமனைகளும் வைத்துக்கொண்ட கணக்கு, ஐஆர்எஸ் விதியில் அப்படி ஒரு தூரம் இல்லை. இன்னொன்று, ஒரே ஊரில் எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் இருப்போம் என்று தெரிந்த நாளிலிருந்து அங்கே வாங்கும் ஸ்டைபெண்டுக்கு வரி உண்டு. டிராவல் நர்ஸ் கணக்குப் பார்த்துப் பழகிய ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள், அந்தச் செலவுக்குத் தகும்.

இப்போது வீடு. ஏஜென்சியே வீடு தந்தால் அலைச்சல் இல்லை. மருத்துவமனை நிறுத்தினால் லீஸும் பெரும்பாலும் அவர்கள் பாடு. ஆனால் அதன் விலை உங்கள் சம்பளத்தில் கழியும், பெரும்பாலும் நாமே பிடிப்பதைவிட அதிகமாக. நீங்களாக நடுவில் விலகினால் மீதி வாடகையை உங்களிடம் வசூலிக்கும் விதியும் சில காண்ட்ராக்டில் இருக்கும். நான் ஸ்டைபெண்ட் வாங்கிக்கொண்டு நானே பார்ப்பேன். உங்களுக்கும் அதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: மாதம் மாதம்தான் வாடகை.

முதல் வாரத்துக்குச் சமையலறை உள்ள எக்ஸ்டெண்டட் ஸ்டே மாதிரி இடத்தில் அறை போடுங்கள். ஓரியன்டேஷன் போகும்போதே அந்த மருத்துவமனையில் இருக்கும் டிராவலர்களிடம் விசாரித்தால் யார் காலி செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எனக்குக் கிடைத்த நல்ல வீடு அப்படித்தான் வந்தது. ஒரு மலையாளி சேச்சி இரண்டு படுக்கையறை வீட்டில் தனியாக இருந்தார். அவர் டே, நான் நைட். வாடகை பாதி, ஒருவர் தூக்கத்தை இன்னொருவர் கெடுக்கவில்லை. அப்படி அமையாவிட்டால் ஃபர்னிஷ்டு ஃபைண்டர் பாருங்கள், டிராவல் நர்ஸ்களை நினைத்தே தொடங்கிய தளம், வீட்டுக்காரரோடு நேரடியாகப் பேசலாம். பேசும்போதே இந்த வரியை லீஸில் கேளுங்கள்: "மருத்துவமனை காண்ட்ராக்டை ரத்து செய்தால், அந்தக் கடிதத்தைக் காட்டி 14 நாள் நோட்டீஸில் காலி செய்யலாம், மீதி வாடகை கிடையாது." நர்ஸ்களுக்கு வாடகைக்கு விட்டுப் பழகியவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பேஸ்புக்கிலும் கிரெய்க்ஸ்லிஸ்டிலும் பார்த்தால் மிகவும் கவனம். விற்பனைக்கு வந்த வீட்டின் படங்களைத் திருடிப் போட்டு, "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், டெபாசிட் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்" என்பார்கள். வீடியோ காலில் வாசலிலிருந்து உள்ளே நடந்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான கவுன்டிகளின் சொத்துப் பதிவுத் தளத்தில் முகவரியைப் போட்டால் உரிமையாளர் யார் என்று இலவசமாகப் பார்க்கலாம். அந்தப் பெயரும் பேசுகிறவர் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

நைட் பார்ப்பீர்கள் என்றால் பகலில் தூங்குவதற்கான அறையைப் பாருங்கள், வரவேற்பறை அழகைப் பார்க்காதீர்கள். கிழக்குப் பார்த்த ஜன்னல், மேலே ஓடும் குழந்தை, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் பத்தாவது வாரத்தில் உடம்பில் தெரியும். அடுப்புக்கு மேலே உள்ள விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, அறைக்குள்ளேயே சுற்றி விடுகிறதா என்றும் கேளுங்கள். காய்ந்த மிளகாய் தாளித்ததும் ஸ்மோக் அலாரம் அலறும் வீட்டில் 13 வாரம் சமைக்காமல் காலம் தள்ள முடியாது. குளிர்காலத்தில் வடக்கே போனால் கார் நிறுத்த மூடிய இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். காலை ஏழரைக்கு டியூட்டி முடிந்து வந்து பனி வாரும் தெம்பு இருக்காது.

முதல் அசைன்மென்டுக்கு உங்கள் டெக்சாஸ் லைசென்ஸ் காம்பாக்ட் லைசென்ஸாக (ஒப்பந்தத்தில் சேர்ந்த எல்லா மாநிலங்களிலும் செல்லும் லைசென்ஸ்) இருந்தால் அரிசோனா, டென்னசி, ஃப்ளோரிடா மாதிரி காம்பாக்ட் மாநிலமாகப் பாருங்கள், உடனே கிளம்பலாம். கலிஃபோர்னியா அதில் இல்லை, அந்த லைசென்ஸ் வர மாதக்கணக்கில்கூட ஆகலாம். ஆனால் அங்கே டெலிமெட்ரியில் ஒரு நர்ஸுக்கு நான்கு நோயாளிகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம், அதனால் இப்போதே விண்ணப்பித்து வைத்தால் மூன்றாவது அசைன்மென்டுக்காவது உதவும்.

முதல் காண்ட்ராக்ட் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ரத்து பற்றிய பத்தியை மட்டும், பெயர்களை மறைத்துவிட்டு, கீழே கருத்தில் போடுங்கள். நைட் டியூட்டி இல்லாத நாளாக இருந்தால் அன்றே படித்துச் சொல்கிறேன்.