காளையும் நீதிபதியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் எழுதிய கட்டுரையில் அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றி 'கவசம் மாட்டிய காளைகளின் முட்டல்' என்று ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸில். என் மகன் படிக்கும் பள்ளியின் பெயர் ஜஸ்டிஸ் பேஜ் நடுநிலைப் பள்ளி. ஆலன் பேஜ் இந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் 22 வருடம் நீதிபதியாக இருந்தவர். அதற்கு முன்னால் அவரும் உங்கள் காளைகளில் ஒருவர்தான். பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கூட இல்லை, எதிரணி ஆளை வீழ்த்துவதே வேலையான தடுப்பாட்டக்காரர். 'முரட்டு ஆட்டத்தை உதறிவிட்டு, படித்து முன்னுக்கு வந்தவர்' என்று மகனிடம் சொன்னேன். 'இல்லம்மா, அவர் விளையாடிக்கிட்டேதான் படிச்சார்' என்கிறான். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்க முடியும்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் மகன் சொல்வதுதான் சரி. என் வரி சோம்பேறித்தனமாக எழுதியது. அந்த ஆட்டத்தின் விதிகளை நான் உட்கார்ந்து கற்றுக்கொண்டதே உங்கள் கடிதம் வந்த பிறகுதான். பேஜ் ஆடிய பழைய ஆட்டங்களின் ஒளித்துண்டுகளையும் தேடிப் பார்த்தேன்.

அவர் ஆடிய இடம் டிஃபென்சிவ் டேக்கிள். எதிரணியின் குவார்ட்டர்பேக் கையில் பந்து வந்ததும் அதை எறிய அவருக்கு இரண்டு மூன்று நொடி கிடைக்கும். அதற்குள் அவரைச் சாய்த்துவிட வேண்டும். குறுக்கே ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். டேக்கிள் அந்தச் சுவரின் நடுப்பகுதிக்கு எதிரே, ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருப்பார். பேஜ் ஆறடி நான்கு அங்குலம், சுமார் 111 கிலோ. நமக்கு மலை, அந்த வேலைக்கு அப்படியொன்றும் பெரிய உடம்பு அல்ல. ஒளித்துண்டுகளில் கண்ணில் படுவது அவருடைய முதல் அடிதான். பந்து தரையிலிருந்து அசையும்போதே அவரும் அசைந்திருப்பார். எதிரே நிற்பவர் நிமிர்வதற்குள் அவர் தோளை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போயிருப்பார். பல தடவை மோதலே நடப்பதில்லை. அந்த ஆள் காற்றைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது அவருடைய குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். நான் காளை என்று எழுதியது இதைத்தான்.

பேஜ் பிறந்தது 1945இல், ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில். உருக்காலை ஊர். பதின்மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டார். உருக்காலை வேலை வேண்டாம் என்பது சின்ன வயதிலேயே முடிவாகியிருந்தது, வக்கீலாக வேண்டும் என்பதும்தான். ஃபுட்பால் அதற்குப் பிறகு வந்தது. ஆகவே 'திருந்தி வந்தவர்' கதை ஆரம்பத்திலேயே அடிபட்டுப் போகிறது. அந்த ஊரில்தான் தொழில்முறை ஃபுட்பாலின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கட்டினார்கள், பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவித்து அவர்கள் சிலையை வைக்கும் கட்டடம். 1963இல் திறந்தார்கள். அதன் கட்டுமான வேலையில் கூலியாளாக நின்ற பையன்களில் பேஜும் ஒருவர். 25 வருடம் கழித்து அதே கட்டடத்தில் அவருடைய வெண்கலத் தலையை வைத்தார்கள்.

நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்து முடித்ததும், 1967இல் மினசோட்டா வைகிங்ஸ் அணி எடுத்துக்கொண்டது. ஜிம் மார்ஷல், கார்ல் எல்லர், கேரி லார்சன், பேஜ் என்று முன்வரிசைத் தடுப்பில் நான்கு பேர். ஊதா நிறச் சட்டை என்பதால் 'பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்' என்று பட்டப்பெயர். 1971இல் தொழில்முறை அணிகள் ஆடும் தேசிய ஃபுட்பால் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தரும் விருது பேஜுக்குக் கிடைத்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. அப்புறம் 1986இல் இன்னொரு தடுப்பாட்டக்காரரான லாரன்ஸ் டெய்லருக்குக் கிடைத்ததோடு சரி. வைகிங்ஸ் 'சூப்பர் பௌல்' என்ற இறுதி ஆட்டத்துக்கு நான்கு முறை போய் நான்கிலும் தோற்றது. மினியாபொலிஸ்காரரான உங்களிடம் அதை நீட்டிப் பேசப் பயமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதற்கு 'சாக்' என்று பெயர். லீக் அதைத் தனிக் கணக்காக எழுத ஆரம்பித்தது 1982இல். பேஜ் ஓய்வு பெற்றது 1981 பருவத்தோடு. ஆகவே ஏட்டுக் கணக்கில் அவர் சாய்த்தவர்கள் பூஜ்யம்! பழைய ஆட்டங்களைத் தோண்டி எண்ணியவர்கள் சொல்லும் கணக்கு 148½. அரை எப்படி என்றால், இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி.

படிப்பு விஷயத்தில் உங்கள் மகனிடம் ஒரு கூடுதல் தகவல் சொல்லுங்கள். முதலில் சேர்ந்த சட்டப் பள்ளியை மூன்றே வாரத்தில் விட்டுவிட்டார் பேஜ். அப்புறம் சில வருடம் கழித்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், ஆட்டத்தை விடாமல். இதற்கு நடுவே ஆட்டக்காரர்கள் சங்கத்தில் அணியின் பிரதிநிதியும் அவர்தான். முதலாளிகளோடு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒப்பந்த வாசகங்களைப் படிக்கிற ஆளை எந்த அணி நிர்வாகத்துக்குப் பிடிக்கும்?

பிறகு ஓட்டம் வந்தது. அவர் மனைவி டயான் சிகரெட்டை விடுவதற்காக ஓட ஆரம்பிக்க, இவரும் கூட ஓடினார். பழக்கம் இவரைப் பிடித்துக்கொண்டது. உடம்பு இளைத்தது. டேக்கிளுக்கு இந்த எடை போதாது, முன்போல ஆட முடியவில்லை என்று 1978 பருவத்தின் நடுவில் வைகிங்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. சட்டப் பட்டம் வாங்கியதும் அதே வருடம்தான். கழற்றிவிடப்பட்டவரை இன்னொரு அணி எடுத்துக்கொள்ளக் கட்ட வேண்டிய தொகை 100 டாலர். சிகாகோ பேர்ஸ் கட்டியது. லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஏழு வருடத்தில் நூறு டாலர். அந்த இளைத்த உடம்போடு சிகாகோவுக்காக இன்னும் 58 ஆட்டம் ஆடி 40 சாக் எடுத்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே 1979இல் ஒரு மாரத்தானை ஓடி முடித்தார். லீகில் ஆடிக்கொண்டே மாரத்தான் முடித்த முதல் ஆள் அவர். தொழில் வாழ்க்கை முழுவதும் தொடர்ச்சியாக 218 ஆட்டங்கள், ஒன்றில்கூட விடுப்பு இல்லை.

ஆட்டமும் படிப்பும் ஒன்றையொன்று தொடும் இடம் எது என்று கேட்டால் அவரே பல மேடைகளில் சொன்ன ஒரு காட்சியைச் சொல்வேன். வைகிங்ஸ் தடுப்பாட்டக்காரர்களின் கூட்டம். பயிற்சியாளர் ஆட்டத்திட்டப் புத்தகத்தைக் கொடுத்து ஒவ்வொருவராக உரக்க வாசிக்கச் சொல்கிறார். சிலர் திக்கித் திணறுகிறார்கள். சிலரால் வாசிக்கவே முடியவில்லை. எல்லோரும் கல்லூரி போய்வந்தவர்கள். பந்து ஆடத் தெரிந்தால் போதுமென்று ஒவ்வொரு வகுப்பிலும் தள்ளிவிடப்பட்டவர்கள். 1988இல் ஹால் ஆஃப் ஃபேமில் தன்னை அறிமுகப்படுத்த அவர் அழைத்தது பழைய பயிற்சியாளரை அல்ல, மினியாபொலிஸ் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையை. அதே வருடம் மனைவியோடு சேர்ந்து கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் உதவித்தொகை வாங்கும் மாணவர்கள் பதிலுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும்.

நீதிபதி பதவியும் யாரோ கூப்பிட்டுக் கொடுத்ததல்ல. மினசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தேர்தலில் நிற்பவர்கள். 1992இல் பேஜ் நிற்கப் போன இடத்துக்குத் தேர்தலே இல்லாமல் போயிற்று. அங்கிருந்த நீதிபதியின் காலத்தை, ஓய்வூதியத் தகுதியைக் காரணம் காட்டி, ஆளுநர் ஆர்னி கார்ல்சன் நீட்டித்துவிட்டார். பேஜ் ஆளுநர் மேலேயே வழக்குப் போட்டார். தங்கள் சக நீதிபதியின் நாற்காலி பற்றிய வழக்கு என்பதால் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விலகிக்கொள்ள, மாற்று நீதிபதிகள் விசாரித்து அந்த நீட்டிப்பு செல்லாது என்றார்கள். தேர்தல் நடந்தது, பேஜ் ஜெயித்தார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 2015இல் 70 வயது ஆகி, சட்டப்படி இறங்க வேண்டிய நாள் வரை இருந்தார்.

பள்ளியின் பழைய பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1862இல் டகோட்டா என்ற பூர்வகுடி மக்களை அழிக்க வேண்டும், இல்லையென்றால் மாநிலத்தைவிட்டே துரத்த வேண்டும் என்று சொன்ன ஆளுநர் ராம்சேயின் பெயர். அதை மாற்றச் சொல்லிக் கிளம்பியது மாணவர்கள்தான், 2017இல் மாறியது. உங்கள் மகனுக்கு அம்மாவைத் திருத்தும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இதே லீகில் இருபது பருவம் ஆடிய ஜூனியர் சியாவ் என்ற தடுப்பாட்டக்காரர் 2012இல், 43 வயதில், தன்னைச் சுட்டுக்கொண்டார். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு வரும் மூளைச் சிதைவு அவருக்கு இருந்தது என்று பரிசோதனையில் தெரிந்தது. பேஜுக்கு மிஞ்சிய காயம் இடது கைச் சுண்டுவிரல். பல தடவை மூட்டு விலகி, இப்போது மற்ற விரல்களுக்குச் செங்குத்தாக வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் வகுப்பறைகளுக்குக் கதை வாசிக்கப் போனால் குழந்தைகளின் கண் முதலில் அங்கேதான் போகுமாம். மகளோடு சேர்ந்து அந்த விரலைப் பற்றியே ஒரு குழந்தைப் புத்தகமும் எழுதியிருக்கிறார். அவருக்கு விரலோடு போயிற்று, சியாவுக்கு அப்படிப் போகவில்லை.

கட்டுரையில் அந்தக் காளை வரியை எடுத்துவிட்டேன். அதற்கு அடுத்ததாக, பள்ளி வயதுப் பையன்களின் தலையில் விழும் அடிகளைப் பற்றிய பத்தி அப்படியே இருக்கிறது. அதில் தவறு இருந்தால் உங்கள் மகனையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.